ஷவரில் அரை மணி நேரம்: பிள்ளையைத் திட்டும் முன் ஒரு பக்கெட்டை எடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

கோடை வந்துவிட்டது. சென்னையில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமான சண்டையும் வந்துவிட்டது. "இந்த மாசம் இத்தனை டேங்கரா? யார் வீட்ல இவ்ளோ தண்ணி போகுது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு வீடு என் வீடு.

என் மகள் ஷவருக்குள் போனால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து வெளியே வரமாட்டாள். நானும் எல்லா அப்பாக்களையும் போலத்தான் இருந்தேன். கதவைத் தட்டுவேன், கத்துவேன். ஒருநாள் கோபத்தில் கீசரை அணைத்துவிட்டேன். அவள் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தண்ணீரும் மிச்சமாகவில்லை.

இதே பிரச்சனை என் கிளினிக்குக்கு வேறு வேஷத்தில் வரும். "டாக்டர், பையனுக்கு உடம்பெல்லாம் அரிக்குது. ரொம்ப சுத்தமா இருப்பான். தினமும் ரெண்டு வேளை சுடுதண்ணியில அரை மணி நேரம் குளிக்கிறான். அப்பவும் அரிப்பு போகல."

அந்த "அப்பவும்" இருக்கிறதே, அங்கேதான் விஷயமே.

நம் தோலின் மேல் அடுக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கிறது. தோலின் ஈரத்தைப் பூட்டி வைப்பது அதுதான். சுடுதண்ணீர் நீண்ட நேரம் பட்டால் அது கரைந்து போகும். தோலின் பி.எச். சுமார் 5.5. சாதாரண சோப்பு 9, 10 இருக்கும். சுடுதண்ணீர், சோப்பு, நார் மூன்றும் சேர்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும், அரிக்கும். அரிக்கிறதே என்று பிள்ளை இன்னும் நேரம் நிற்கும். இன்னும் வறளும்.

ஒவ்வாமைத் தோல் அழற்சி இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். அவர்களுக்கு நாங்கள் சொல்வது: வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிடம், துவட்டிய மூன்று நிமிடத்துக்குள் ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்குப் போதும். வெயில் காலத்தில் தாராளமாக ரெண்டு வேளை குளிக்கட்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி.

ஆக தோல் டாக்டரும் அப்பார்ட்மென்ட் செயலாளரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்!

சரி, கணக்குக்கு வருவோம்.

கீசர் சண்டைக்குப் பிறகு நான் வேறு வழியில் போனேன். மகளையே கூப்பிட்டு, 20 லிட்டர் பக்கெட்டை ஷவருக்குக் கீழே வைத்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓட விட்டோம். ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் பக்கெட் நிரம்பியது. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர்.

மறுநாள் அவளே நேரம் பார்த்தாள். 22 நிமிடம். அவளே பெருக்கினாள். 264 லிட்டர்.

"அப்பா, பதிமூணு பக்கெட்டா?"

நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? பாதாள சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும், அதாவது சமையல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்த்து, மத்திய அரசின் திட்ட அளவு 135 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்கு ஒரு ஆளுக்கு 55 லிட்டர். என் மகளின் ஒரு குளியலில் கிட்டத்தட்ட ஐந்து கிராமத்து ஆட்களின் ஒரு நாள் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு 2019 ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இவ்வளவு பெரிய ஊருக்கு ரயிலில் தண்ணீர்! அதை உட்கார வைத்துச் சொன்னேன். கதை மாதிரி கேட்டாள்.

"பண்ணையிலும் ஃபேக்டரியிலும் போற தண்ணிய விட்டுட்டு பிள்ளைங்க குளிக்கிறதை ஏன் பிடிக்கிறீங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டில் அதிகத் தண்ணீர் எடுப்பது விவசாயம்தான். நம் வீட்டு ஷவரை மூடினால் செம்பரம்பாக்கம் நிரம்பாது. ஆனால் நம் சம்ப் நிரம்பும். தினம் 200 லிட்டர் மிச்சமானால் மாதம் 6,000. ஒரு 12,000 லிட்டர் டேங்கரில் பாதி. ஒரு வீடு, ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

இனி முக்கியமான இடம்.

கணக்கு முடிந்ததும் மகளிடம் கேட்டேன், "உள்ள இவ்ளோ நேரம் என்னடா பண்ற?"

"சும்மா நிப்பேன்பா. அங்க மட்டும்தான் யாரும் எதுவும் கேக்க மாட்டீங்க."

சுருக்கென்று இருந்தது. பள்ளி, டியூஷன், ஹோம்வொர்க். வீட்டில் எந்த அறைக்கதவையும் சாத்தவிடாத பெற்றோர். அவளுக்குத் தேவைப்பட்டது தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள். இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். யாரும் தட்டுவதில்லை, நான் உட்பட. ஷவர் நேரம் தானாகக் குறைந்தது. இப்போது தண்ணீர் ஓடுவது ஐந்து நிமிடம், 60 லிட்டர்.

டாக்டராக ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளை திடீரென்று மணிக்கணக்கில் குளிக்க ஆரம்பித்தால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினால், கை சிவந்து புண்ணாகும் வரை கழுவினால், நிறுத்தச் சொன்னால் பதறி அழுதால், அது சேட்டை இல்லை. ஓ.சி.டி. என்கிற எண்ண சுழற்சி நோயாக இருக்கலாம். திட்டினால் கூடும். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்திருந்தால் தயவுசெய்து வெளியே மாற்றுங்கள். மூடிய அறையில் அது ஓட ஓட கார்பன் மோனாக்சைடு சேரலாம். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம், பிறகு உயிரே போகும். நீண்ட குளியலில் ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போது செய்ய வேண்டியவை:

1. பக்கெட்டும் ஸ்டாப்வாட்ச்சும். பிள்ளையே அளக்கட்டும்.

2. சோப்பு போடும்போது ஷவர் மூடியிருக்கட்டும்.

3. சுடுதண்ணீர் வரும்வரை ஓடும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். வீடு துடைக்க ஆகும்.

4. தண்ணீர் குறைவாகக் கொட்டும் ஷவர் தலை கடையில் கிடைக்கிறது. ஒருமுறை செலவு.

5. பிடித்து வைக்கும் பாத்திரங்களை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும்.

குறைக்கக் கூடாதவை மூன்று. குடிக்கும் தண்ணீர். சாப்பிடும் முன்னும் கழிப்பறை போன பின்னும் 20 வினாடி சோப்பு போட்டுக் கை கழுவுவது. தேய்க்கும்போது குழாயை மூடினால் போதும். மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகளுக்கு வேண்டிய தண்ணீர். அந்த நாட்களில் கணக்குப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, அளக்கும்போது உங்களையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அடுத்து என் முறை வந்தது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே ஷேவ் செய்கிற ஆசாமி நான். பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தவள் என் மகள்.

எவ்வளவு நிரம்பியது என்று இங்கே சொல்ல மாட்டேன். இப்போது ஒரு மக் தண்ணீரில் ஷேவ் செய்கிறேன்.

நீங்களும் நாளை காலை ஒருமுறை அளந்து பாருங்கள்.