நாய்க்குட்டி தூக்கத்தில் துடிக்கிறதா?

மழை விட்டதும் மணலி புதுநகர் பக்கம் தெருவுக்குத் தெரு நாய்க்குட்டிகள்தான். "அம்மா, ஒண்ணே ஒண்ணு வளர்க்கலாம்மா" என்று பிள்ளைகள் கண் திறக்காத குட்டியைக்கூடத் துணியில் சுற்றி எடுத்து வந்துவிடுகிறார்கள். ராத்திரி அது தூக்கத்தில் வெடுக்வெடுக்கென்று துடித்தால், "ஐயோ, வலிப்பா?" என்று தாய்மார்கள் பதறுகிறார்கள்.

பதற வேண்டாம், சகோதரிகளே. மூளையில் எந்நேரமும் மெல்லிய மின் அலைகள் ஓடுகின்றன. ஜெர்மனியின் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். பிற்பாடு நாய்க்குட்டிகளுக்கும் அந்த ஈ.ஈ.ஜி. சோதனையைச் செய்து பார்த்தார்கள். பிறந்த குட்டியின் அலைக்கோடு ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். அது தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கோட்டைப் பார்த்துச் சொல்வது கடினம். இரண்டு வாரத்தில் கண் திறக்கும், அடுத்து காது. மூன்றாவது வாரவாக்கில் தூக்கத்துக்கு ஒருவிதம், விழிப்புக்கு ஒருவிதம் என்று அலை பிரியும். ஏழெட்டு வாரத்தில் பெரிய நாயின் சாயல் வந்துவிடும். அப்புறமும் சில மாதம் முதிர்ச்சி தொடரும்.

ஆகவே தூக்கத் துடிப்பு பெரும்பாலும் வளர்ச்சியின் அடையாளம். நம் கைக்குழந்தை தூக்கத்தில் சிரிப்பதில்லையா, அதுபோலத்தான். தொட்டால் விழித்துக்கொள்ளும். வலிப்பு என்றால் உடம்பு விறைக்கும், எச்சில் வழியும், தொட்டாலும் நினைவு வராது. கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சலும் சேர்ந்தால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. டிஸ்டெம்பருக்கு ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தடுப்பூசி தொடங்கலாம்.

எட்டு வாரம் வரை குட்டி தாயிடமே இருக்கட்டும். அதற்குள் குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரைதான் குட்டி மனிதரோடும் மற்ற நாய்களோடும் பழகக் கற்கும் பருவம். சீக்கிரமே பிரித்தால் பயந்தாங்கொள்ளியாகவோ, கடிக்கிற நாயாகவோ வளரலாம். குட்டியை எடுக்கப் போகும் பிள்ளையைத் தாய் நாய் கடிப்பதும் உண்டு.

குட்டிதானே என்று அலட்சியம் கூடாது. பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. வீட்டுக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.