எண்ணைப் பார்த்துச் சூட்டுத் துணி எடுப்போர்

கம்பளி என்னும் சொல் தமிழில் போர்வையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால்தான் நேர்காணலுக்கென முதன்முதலாகச் சூட்டு தைக்கப் புறப்படும் ஆய்வு மாணவர், நம் வெயிலுக்குக் கம்பளி ஆகாது என்று கடை வாசலிலேயே முடிவு செய்துவிட்டு, பாலியெஸ்டர் கலந்த டெரிவூலை வாங்கித் திரும்புகிறார். கையில் சற்றுக் காசு இருப்பவர் வேறு விதமாக ஏமாறுகிறார். துணியின் ஓரக்கரையில் ‘சூப்பர் 150’ என்றிருப்பதைக் கண்டதும், எண் பெரிதாயின் துணியும் உயர்ந்தது என நம்பிவிடுகிறார். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக வருவதுண்டு. அந்தத் தொகையில் பெரும்பகுதி ஓர் எண்ணுக்காகப் போகிறது.

அந்த எண்ணின் மூலம் எளியது. ஒரு பவுண்டு கம்பளியிலிருந்து 560 கெஜ நீளச் சிட்டங்கள் எத்தனை நூற்கலாம் என்ற பிராட்ஃபோர்டு நகரத்துப் பழங்கணக்கு அது. இன்றைய பன்னாட்டுக் கம்பளி நெசவுத் துறை விதிப்படி, சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேற்படலாகாது. சூப்பர் 150க்கு 16.25. நூலின் முறுக்கையோ நெசவையோ எடையையோ அது சொல்வதில்லை. அளவைச் சொல் ஒன்று கடைத்தெருவில் பாராட்டுச் சொல்லாகிவிட்டது. பொருண்மை மாற்றத்திற்கு வகுப்பறையில் காட்டத் தகுந்த சான்று. இழை மெலிய மெலியத் துணி வழவழப்பாகும், உண்மைதான். ஆனால் முழங்கையிலும் இருக்கையிலும் விரைவில் தேயும், எளிதில் கசங்கும். இருபது சூட்டு வைத்திருப்பவர் அதை அணியலாம். ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் அணியலாகாது.

அவருக்குத் தேவை நீள மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் எடையுள்ள, சாதா நெசவுத் தூய கம்பளி. பாவும் ஊடையும் இரட்டைப் புரி நூலாக இருத்தல் வேண்டும். வெட்டு விளிம்பில் ஒரு நூலை உருவி, முறுக்கை அவிழ்த்தால் புரி தெரிந்துவிடும். துணியைக் கைக்குள் இறுகக் கசக்கி விட வேண்டும். சுருக்கம் தானே தளர்ந்தால் நல்லது. வெளிச்சத்தில் பிடித்தால் நெசவின் கண்கள் சீராகத் தெரிய வேண்டும். அக்கண்களின் வழியேதான் காற்று புகுகிறது. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் நனைந்த உணர்வைத் தராது. பாலியெஸ்டருக்கு அந்தக் குணம் இல்லை. உள்ளே ஒரு ஸ்வெட்டர் சேர்த்தால் தில்லியின் சனவரிக்கும் இதே துணி தாங்கும். ஃபிளானலும் ட்வீடும் சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் வேலை பார்ப்பவர்களுக்கானவை.

டெரிவூலை இகழ வேண்டியதில்லை. விலை குறைவு, அன்றாட உழைப்பைத் தாங்கும். ஆனால் சென்னையின் சூலை மாதத்தில், மின்விசிறி மட்டும் சுழலும் அரங்கில், அது அணிந்தவரை அவித்துவிடும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய துணிக்கு, தையற்காரர் கேளாமலே கோட்டு முழுவதும் பாலியெஸ்டர் லைனிங் வைத்துவிடுவார். காற்றோட்டம் அங்கேயே அடைபட்டுப்போகும். அளவெடுக்கும்போதே முதுகுக்குப் பாதி லைனிங் போதும் என்று சொல்லிவிட வேண்டும்.