குழித்தறியும் குதிகாலும்

நாகல் நகரிலும் சின்னாளப்பட்டியிலும் குழித்தறியில் அமரும் அங்கத்தினர் கண்ணையும் கையையும் பேணுமளவுக்குக் காலைப் பேணுவதில்லை. விடியலில் பாயைவிட்டு எழுந்து முதலடி வைக்கையில் குதிகால் சுருக்கென்று வலிக்கிறது, சற்று நடந்தால் குறைகிறது, வாதமென்று விட்டுவிடுகின்றனர். குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் உள்ளங்கால் நார் நைந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 40 வயது கடந்தோர், உடல் பருத்தோர், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட நெடுநேரம் நிற்போர், கெண்டைக்கால் இறுகியோர் ஆகியோருக்கு இது எளிதில் வரும். மிதிகட்டையை எட்டாமல் விரல் நுனியால் மிதித்தால் கெண்டைக்கால் இறுகாமல் என் செய்யும்? தந்தைக்கு வெட்டிய குழியில் மகன் அமர்வது சிக்கனமன்று.

எனினும், வலிக்கும் காலைவிட வலிக்காத காலே எனக்கு அச்சந் தருகிறது. நீரிழிவு முற்றினால் பாதம் மரத்துப்போகும். வயலில் முள் தைத்தாலும் மிதிகட்டை உராய்ந்தாலும் தெரியாது. புண் புரையோடிக் காலையே எடுக்கவும் நேரும். மரத்த பாதத்தைக் காயம் படாமல் காத்தால் புண்ணைத் தவிர்க்கலாமென்று, 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரிடையே பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டு காட்டினார். அந்நோயாளருக்கு உதவிய நுண்துளை ரப்பர்ச் செருப்பு இன்று நீரிழிவுக்காரருக்கும் தரப்படுகிறது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாகச் சர்க்கரையைப் பரிசோதித்துக் கொள்ளலாம். சங்கங்கள் நூல் வழங்கும் நாளில் செவிலியர் ஒருவரை அழைத்துப் பாதங்களைப் பார்க்கச் செய்யட்டும். செருப்பு விலையில் ஒரு பகுதியைச் சங்கமே ஏற்கப் பொதுப்பேரவையில் தீர்மானம் கொணர்க. சங்கப் பணத்தில் செருப்பா என்று சிலர் நகைப்பர். தறியைப் பழுதுபார்க்கக் கடன் கேட்கையில் அவர்கள் நகைப்பதில்லை. செவிலியர் வரும்போது விரலிடுக்குகளையும் காட்டுங்கள். அங்குள்ள புண் எளிதில் கண்ணிற்படாது.