அபராதம் போதாது, புள்ளியைப் பறியுங்கள்

2019 ஜனவரியில் எதிரணியான டெர்பி கவுன்டியின் பயிற்சியை வேவு பார்க்க ஆளனுப்பியது இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லீட்ஸ் யுனைடெட். பயிற்சியாளர் பியெல்சா ஒப்புக்கொண்டார். தண்டனை 2 லட்சம் பவுண்டு அபராதம். அதையும் தன் கைப்பணத்தில் கட்டியதாக அவரே சொன்னார். ஆக, கிளப்புக்கு என்ன வலித்தது? டெர்பியை 2-0 என்று வென்ற ஆட்டத்தின் புள்ளிகள் அப்படியே இருந்தன. மாறாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சிக்கு மேலே கனடா அணி ட்ரோன் பறக்கவிட்டபோது, போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபிஃபா ஆறு புள்ளிகளைப் பறித்தது. பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை. அதுதான் நியாயம். ட்ரோனைத் தொட்டேயிராத கனடா வீராங்கனைகளும் அடிபட்டார்கள், வருத்தம்தான். ஆனால் களவாகப் பார்க்கப்பட்டு, அதே கனடாவிடம் 2-1 என்று தோற்ற நியூசிலாந்துப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது? வேவு பார்த்த ஆட்டத்தில் கிடைத்த புள்ளிகளையாவது லீக்குகள் பறிக்க வேண்டும், அதுவும் சீசன் முடிவதற்குள்.