குழாய் எங்கே கசிகிறது?

பெங்களூர் அல்சூரில் ஒரு முதல் மாடி வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினோரு மணிக்குச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது. குடும்பத் தலைவர் எழுந்துபோய் குழாயை இறுக்குகிறார். சொட்டு நிற்கிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் அவர் கையைத் தவிர வேறு யார் கைக்கும் குழாய் மசிவதில்லை. கடைசியில் பிளம்பர் வருகிறார். இரண்டு நிமிடம் பார்க்கிறார். "குழாயே போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார்.

அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஒரு வாரம் முன்பு சொல்லியிருந்தால் பொய். முதல் நாள் தேய்ந்திருந்தது சில ரூபாய் பெறுமான ரப்பர் வாஷர் மட்டும்தான். இறுக்கி இறுக்கி, அந்த வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பிலேயே பள்ளம் விழுந்துவிட்டது. இனி புது வாஷர் போட்டாலும் சொட்டும். வீட்டுக் குழாய் ரிப்பேரில் பணம் போவது பழுதால் அல்ல, பழுது எங்கே என்று தெரியாததால்.

இந்த ஊரில் அந்தத் தண்ணீரின் விலை வேறு. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று இடங்களில் பம்ப் செய்யப்பட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறி நகரத்துக்கு வருகிறது. 1974ல் முதல் கட்டம் வந்தது. 2024 அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. அத்தனை மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிய தண்ணீரைத்தான் குழாய் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. எவ்வளவு என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லி டம்ளர் ஒன்றை வையுங்கள். கால் மணி நேரத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 96 டம்ளர், அதாவது 19 லிட்டருக்கு மேல். ஒரு குடத்தைத் தாண்டுகிறது.

வாஷர் மாற்றுவது பெரிய வித்தையல்ல. அந்தக் குழாய்க்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு (ஆங்கிள் காக் இருந்தால் அதை, இல்லாவிட்டால் தொட்டியடி கேட் வால்வை), குழாயின் தலையை ஸ்பானரால் கழற்றினால் அடியில் வாஷர் இருக்கும். ஆனால் இது பழைய பாணித் திருகு குழாய்க்கு மட்டும் பொருந்தும். கால் சுற்றில் திறந்து மூடும் புதிய குழாய்களில் வாஷர் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் வில்லைகள்தான் தண்ணீரை நிறுத்துகின்றன. தொட்டியிலிருந்து வரும் மணல் அவற்றில் கீறல் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் முழுவதையும் மாற்ற வேண்டும். அதே கம்பெனி ஸ்பிண்டில் கிடைக்காமல் அலைவதுதான் இதில் உள்ள சிரமம். குழாய் வாங்கும்போது அழகைப் பார்ப்பவர்கள் உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பதில்லை.

அடுத்த புகார், தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்பது. இதற்குப் பிளம்பரைக் கூப்பிடுமுன் வீட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். ஒரே ஒரு குழாயில்தான் குறைவு என்றால் குற்றவாளி அதன் மூக்கில் திருகியிருக்கும் சல்லடை. ஏரேட்டர் என்று பெயர். பெங்களூரில் போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழேயும் போகிறது. அந்தக் கடினநீர் வெள்ளை உப்பாகப் படிந்து சல்லடைக் கண்களை அடைத்துவிடும். கழற்றி ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் தீர்ந்தது. எரிச்சலில் சல்லடையைத் தூக்கி எறிகிறவர்கள் அதிகம். தண்ணீர் பஞ்சம் முற்றிய 2024 மார்ச்சில் வணிக நிறுவனங்களும் ஹோட்டல்களும் இதே சல்லடையைப் பொருத்தியாக வேண்டும் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது என்பது அவர்களுக்கு நினைவிருக்காது.

கீழ்வீட்டில் நன்றாக வந்து மேல்வீட்டில் மட்டும் குறைந்தால் அது பழுதே அல்ல, உயரக் கணக்கு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே தொட்டி இருந்தால் அதில் முப்பது சதவீதம்தான் கிடைக்கும். ஷவரை மாற்றுவதால் பயனில்லை. தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். நேற்றுவரை சரியாக வந்து, தொட்டி ஒருமுறை காலியான பிறகு திடீரென்று எல்லாக் குழாய்களும் இருமினால் அது காற்றடைப்பு. குழாய் வளைவில் காற்று சிக்கிக்கொண்டு வழிவிடாமல் நிற்கிறது. தொட்டியை நிரப்பி, ஆகத் தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தானே விலகும்.

சத்தமில்லாமல் திருடுவது ஃப்ளஷ் டாங்க். அதில் சலவைக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சில துளி விட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. நீலம் இறங்காமல், தண்ணீர் நிறைந்த பிறகும் உள்ளே சலசலப்பு நிற்கவில்லை என்றால் மிதவை வால்வு கெட்டுவிட்டது. இரண்டுக்கும் வேறு வேறு சாமான். பிளம்பர் வருமுன் எது என்று சொல்லத் தெரிந்தால் ஒரு தடவை வருகையாவது மிச்சம்.

பெங்களூர் வீடுகளின் தனித்தன்மை சம்ப். பல பகுதிகளில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. மீட்டரைக் கடந்து நிலத்தடி சம்ப்பில் விழுந்து, மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏறி, அப்புறம்தான் குழாய்க்கு இறங்குகிறது. பில் ஏறிவிட்டது என்று குளியலறைக் குழாய்களை மாற்றுகிறவர்கள் இந்த வழியை ஒருமுறை பின்னோக்கி நடந்து பார்க்கலாம். இரவு தொட்டியின் வெளிவால்வை மூடி நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியே கசிகிறது. இறங்காமல், வால்வு திறந்திருக்கும் இரவில் மட்டும் இறங்கினால் வீட்டுக்குள் எங்கோ கசிவு. மோட்டார் ஓடாத, தண்ணீர் வராத இரவில் சம்ப் மட்டம் குறைந்தால் சம்ப்பில் விரிசல். தண்ணீர் வரும் நாளில், சம்ப் நிறைந்து நின்ற பிறகும் மீட்டர் முள் சுற்றினால், சம்ப் வாயில் உள்ள மிதவை வால்வு மூடவில்லை அல்லது மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவே பூமிக்கடியில் ஓட்டை. மீட்டருக்கு வெளியே ரோட்டில் கசிந்தால் அது வாரியத்தின் தலைவலி. 1916க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சோதனை, காத்திருப்பு எதுவும் கூடாது. காலையில் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வருவது. மழைநாளில், தண்ணீர் வராத வேளையிலும் சம்ப் மட்டம் உயர்வது. தெருக்குழாயில் தண்ணீர் நிற்கும்போது உள்ளே அழுத்தம் போய்விடுகிறது. பக்கத்தில் ஓடும் சாக்கடைக் குழாயின் கசிவு, இந்தக் குழாயின் விரிசல் வழியாக உள்ளே நுழைகிறது. மறுபடி தண்ணீர் வரும்போது அதுதான் முதலில் வீட்டுக்கு வருகிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதை வாரியம் தடை செய்திருப்பது தண்ணீர் திருட்டுக்காக மட்டுமல்ல. மோட்டார் உறிஞ்சும்போது சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறது, அதுவும் தெரு முழுவதற்கும். சந்தேகம் வந்த தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. சம்ப்பை இறைத்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே நிரப்ப வேண்டும். வாரியத்துக்குச் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுவது நம் வழக்கம்.

அடைப்பு விஷயத்தில் ஆசிட் ஊற்றுவதை விட்டுவிடலாம். சிங்க் அடியில் உள்ள பாட்டில் ட்ராப்பைக் கையாலேயே திருகிக் கழற்ற முடியும். அடியில் ஒரு பக்கெட் வைத்துக்கொண்டால் போதும், மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அதில் இருக்கும். பூட்டிக் கிடக்கும் விருந்தினர் குளியலறையில் நாற்றம் வந்தால் அடைப்பு என்று தரையை உடைத்துவிடாதீர்கள். வடிகுழியில் நிற்கவேண்டிய தண்ணீர் காய்ந்து, சாக்கடைக் காற்று மேலேறுகிறது. ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால் சரி.

இத்தனைக்குப் பிறகும் பிளம்பர் தேவைப்படுவார். சுவருக்குள் கசிவு, மோட்டார், கீசர் லைன் இவையெல்லாம் அவர் வேலை. வருகிறவர் ஒடிஷாக்காரராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த மாநிலத்தின் கேந்திரபாடா மாவட்டம் இந்தியா முழுவதற்கும் பிளம்பர்களை அனுப்புகிறது. அங்கே பட்டாமுண்டையில் இந்தத் தொழிலுக்கென்றே அரசுப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. தமிழோ கன்னடமோ முழுதாகத் தெரியாத அவரிடம் "தண்ணி சரியா வரல" என்று சொன்னால் குழாயை மாற்றத்தான் செய்வார். எந்தக் குழாய், எப்போதிலிருந்து, தொட்டி காலியான பிறகா என்று காட்டினால் வேலை வேறு மாதிரி நடக்கும். கழற்றிய பழைய வாஷரையும் ஸ்பிண்டிலையும் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் "என்ன சைஸ்?" என்று கேட்கும்போது அதை நீட்டினால் போதும்.