பொதுக் கிண்ணமும் எச்சிலும்

அண்ணாந்து நீர் பருகிப் பழகிய நம்மவருக்குப் பிறர் உதடு பதிந்த பாத்திரம் எச்சிலே. பூசையில் இரசக் கிண்ணத்தைப் பகிரலாமா எனச் சிவாஜிநகர்க் கத்தோலிக்க அன்பர் சிலர் நம்மை வினவினர்.

நம் பெங்களூர்க் கோயில்களில் ஞாயிறுதோறும் பெரும்பாலும் அப்பம் மட்டுமே தரப்படுகிறது. திருமணப் பூசை போன்ற வேளைகளிலேயே கிண்ணம் வருகிறது. 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் மக்களுக்குக் கிண்ணத்தை மறுத்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சில வேளைகளுக்கு மட்டும் மீண்டும் வழிவிட்டது.

இரசத்திலுள்ள ஆல்கஹால் கிருமியைக் கொன்றுவிடும் என்பர் சிலர். வீண் ஆறுதல்! கைக்குத் தடவும் கிருமிநாசினியிலேயே 60 விழுக்காடு வேண்டும்; பூசை இரசத்தில் 20கூடத் தேறாது. விளிம்பைத் துடைத்துத் திருப்பித் தருவதும் கிருமியைக் குறைக்குமேயன்றி அறவே போக்காது. எனினும், பொதுக் கிண்ணத்தால் நோய் பரவியதாகப் பதிவான நிகழ்ச்சி ஒன்றும் இல்லையென 1998இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையத்தார் எழுதினர். அச்சம் சிறிது, இல்லையென்று சொல்வதற்கில்லை.

அப்பத்தை மட்டும் உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகின்றனர் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே சளியோ இருமலோ உடையவர் கிண்ணத்தைத் தவிர்ப்பதால் இழப்பு ஏதுமில்லை. அவ்வாறு தவிர்த்த மருமகளைச் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் பக்தியற்றவள் எனக் குத்திக்காட்டுவது எவ்வகையில் நியாயம் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.