கம்ப்யூட்டரைப் பிள்ளையே மாட்டட்டும்!

"பார்ட்ஸ் வாங்கிக் கொடுங்கப்பா, நானே அசெம்பிள் பண்ணிக்கறேன்" என்று மகனோ மகளோ கேட்டால் என்ன சொல்கிறோம்? "கெடுத்து வச்சிடுவே... கடைக்காரரே மாட்டித் தரட்டும்!"

வேண்டாம், பிள்ளையே மாட்டட்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில சமயம் ஆகாது. ஒரு கோளாறைப் பதறாமல் கண்டுபிடிக்கும் பழக்கம் வரும், அதற்காகத்தான்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பிராசஸரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்தால், அழுத்தாமலே உட்காரும். மேலே தடவும் தெர்மல் பேஸ்ட், நாங்கள் லேகியத்துக்குச் சொல்லும் சுண்டைக்காய் அளவுகூட வேண்டாம். ஒரு பட்டாணி போதும். ராம் மட்டும் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும்.

விஷயமே சுவிட்ச் போட்ட பிறகுதான். ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது! முதல் முறை மாட்டுகிறவர்கள் பலருக்கும் இதே கதைதான். அந்த நேரம் பார்த்து நீங்கள் "அப்பவே சொன்னேனே" என்றால் எல்லாம் போச்சு.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் எட்டையும் பார்த்த பிறகே மருந்து. இங்கேயும் அந்த ஒழுங்குதான் வேண்டும். மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டோமா? பிராசஸருக்கான தனி மின் கேபிள் மாட்டியாச்சா? ராம் சரியாக உட்கார்ந்ததா? அப்படியும் பிடிபடாவிட்டால், அவசியமில்லாததைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால், எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

இதை ஒரு தடவை செய்து பார்த்த பிள்ளை, நாளைக்குத் தலை வலித்தால்கூட உடனே மாத்திரையைத் தேடாது. "ராத்திரி சரியாத் தூங்கினேனா? தண்ணி குடிச்சேனா?" என்று முதலில் யோசிக்கும்.

ஆனால், மூன்று இடத்தில் பெற்றோர் கண்டிப்பாக இருங்கள்.

* எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பேர் தெரியாததை வாங்கவும் வேண்டாம்.

* பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்கு மட்டும் இருப்பதுண்டு.

* உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். பக்கத்தில் உட்காருங்கள், டார்ச் பிடியுங்கள். கேட்டால் மட்டும் வாயைத் திறங்கள்!